'அன்சர்ட்டன்ட்டி' – சல்லடையில் பிறந்த ஒரு சொல்



2011-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தை நெய்வேலி, கடலூர், பண்ருட்டி வட்டாரத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வங்கக் கடலில் உருவான 'தானே' என்னும் புயல் அப்போது நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்திலேயே குடியிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு மாலை வேளையில் கணினியிலிருந்து அச்செடுத்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அது வானிலைத் துறை வெளியிட்ட படம். புயல் அதுவரை வந்த பாதையும் இனிச் செல்லக்கூடிய பாதையும் ஒரு கோடாக வரையப்பட்டிருந்தன. வருங்காலப் பாதையைச் சுற்றி, புயல் இருக்கும் இடத்தில் குறுகலாகத் தொடங்கிக் கரையை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும் ஒரு கூம்பு. அதன் பெயர் 'கோன் ஆஃப் அன்சர்ட்டன்ட்டி' என்று மேலே எழுதியிருந்தது.

"கோன் என்றால் கூம்பு, அது தெரியும் சார். அன்சர்ட்டன்ட்டிக்கு அகராதியில் 'சந்தேகம், உறுதியின்மை' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் படம் போட்டவர்களுக்கே சந்தேகமா? அவர்களே சந்தேகப்படுவதை நாம் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டாள்.

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுடைய பாட்டி கடலூர்க் கரையோரத்தில் ஒரு சிற்றூரில், கூரை வீட்டில் தனியாக இருந்தார். படத்தின் நடுக்கோடு அந்த ஊரைத் தொடாமல் சற்றுத் தள்ளிச் சென்றது. "கோடு அங்கே போகவில்லையே, பிறகு எதற்கு அழைத்து வர வேண்டும்?" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் இப்படியும் சங்கடம் வருமா? வரும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, விஞ்ஞானத்தில் அது எப்படிப் பயன்படுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பிறகு பாட்டியின் கதைக்குத் திரும்புவோம்.

சல்லடையும் முறமும்

அன்சர்ட்டன்ட்டி என்ற சொல்லை மூன்று துண்டாகப் பிரிக்கலாம். முன்னால் நிற்கும் 'அன்' என்பது 'இல்லை' என்று பொருள் தரும் பழைய ஆங்கில ஒட்டு. நடுவில் இருக்கும் 'சர்ட்டன்' உறுதியானது என்று பொருள்படும். கடைசியில் வரும் 'ட்டி', பண்பைக் காட்டும் விகுதி. தமிழில் 'மை' என்று சொல்வது போல.

முதல் துண்டு மட்டுமே ஆங்கிலத்துக்குச் சொந்தமானது. மற்ற இரண்டும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக ஆங்கிலத்தில் புகுந்தன. 'சர்ட்டன்' கி.பி. 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் குடியேறியது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அன்சர்ட்டன்ட்டி'யும் எழுத்தில் வந்துவிட்டது.

பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்து கிடைத்தது. லத்தீனில் 'கெர்ட்டுஸ்' என்றால் தீர்மானமானது. அந்தச் சொல் 'கெர்னெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. கெர்னெரே என்பதற்கு என்ன பொருள் தெரியுமா? சலித்தல்! மாவைச் சல்லடையில் போட்டு, கப்பி வேறு, மாவு வேறு என்று பிரிக்கிறோமே, அந்தச் செயல்தான். லத்தீனில் சல்லடைக்கு 'கிரிப்ரும்' என்று பெயர். அதுவும் இதே வேரைச் சேர்ந்தது.

சலித்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிகிறது. பிரித்துப் பார்க்க முடிந்தால் இது இன்னதென்று தீர்மானிக்க முடிகிறது. இப்படியாகச் 'சலித்தது' என்ற பொருள் 'தீர்மானமானது' என்று வளர்ந்தது. ஆகவே அன்சர்ட்டன்ட்டி என்பதன் அடிப்பொருள் 'இன்னும் சலித்துப் பிரிக்கப்படாத நிலை' என்பதே.

இந்தக் குடும்பத்தில் உங்களுக்குத் தெரிந்த உறுப்பினர் பலர் உண்டு. பள்ளியில் வாங்கும் 'சர்ட்டிபிகேட்' என்பது ஒரு செய்தியை உறுதியாக்கித் தரும் தாள். 'டிசர்ன்' என்றால் வேறுபாட்டைப் பிரித்தறிவது. 'சீக்ரெட்' என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது, அதாவது இரகசியம். அந்த இரகசியத்தைக் காக்கும் பொறுப்புடையவர் 'செக்ரட்டரி'. இவ்வளவு பேரும் ஒரே சல்லடையிலிருந்து வந்தவர்கள்!

நம் தமிழிலும் இதே போன்ற காட்சி ஒன்று இருக்கிறது. முறத்தில் தானியத்தைப் போட்டுக் கொழித்துச் சுத்தம் செய்வதைத் 'தெள்ளுதல்' என்பார்கள். 'தெள்ளிய', 'தெளிவு' என்ற சொற்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமானியர் சல்லடையில் கண்டதை நம் முன்னோர் முறத்தில் கண்டிருக்கிறார்கள். இரண்டு மொழிகளுக்கும் உறவு என்று நான் சொல்ல வரவில்லை. அறிவு என்பது பிரித்தெடுக்கும் வேலை என்று இரண்டு இடத்திலும் மனிதர்கள் கண்டுகொண்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

சந்தேகம் வேறு, இது வேறு

மாணவி அகராதியில் பார்த்த 'சந்தேகம்' என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் 'டவுட்'. அது லத்தீனில் 'இரண்டு' என்று பொருள்படும் 'டுவோ' என்ற எண்ணிலிருந்து வந்தது. இரண்டு மனமாக நிற்பதுதான் டவுட். தமிழ் இலக்கணத்தில் ஐயவினா படித்திருப்பீர்கள்: கிடப்பது கயிறோ, பாம்போ? அங்கும் இரண்டு! (டவுட் என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஒலிக்காத 'பி' எழுத்து ஒன்று வருமே, அது பிற்காலத்தில் லத்தீன் எழுத்தைப் பார்த்து அறிஞர்கள் செருகியது. எழுத்தில் ஏறியதே தவிர நாக்கில் ஏறவில்லை.)

இன்னொரு சொல் 'எர்ரர்', அதாவது பிழை. அது 'எர்ராரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கு வழிதவறி அலைதல் என்று பொருள்.

இருமனம் ஒன்று, வழிதவறல் ஒன்று, சலித்து முடியாமை ஒன்று. மூன்றும் ஒன்றல்ல. அன்றாட ஆங்கிலத்தில் இவற்றைக் கலந்து பேசினாலும் பெரிய நஷ்டம் இல்லை. 'அன்சர்ட்டன் வெதர்' என்றால் நம்ப முடியாத வானிலை. 'இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்' என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. 'ஒளிவுமறைவில்லாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக' என்பது அதன் பொருள். இரண்டு எதிர்மறை சேர்ந்து ஓர் உடன்பாடு ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

ஆனால் விஞ்ஞானத்தில் கலந்து பேசக் கூடாது. ஏன் என்பதற்கு ஆய்வுக்கூடத்துக்குப் போவோம்.

ஊசலும் ஒரு பொய்யும்

பள்ளியில் படிக்கும்போது நான் ஒரு தவறு செய்தேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் பரிசோதனை. எனக்குக் கிடைத்த விடை 9.77. புத்தகத்திலோ 9.81 என்று இருந்தது. நான் கடிகார அளவுகளைச் சற்றே 'சரிக்கட்டி' 9.81 வரும்படி எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அந்தப் பரிசோதனையை இப்போது நேர்மையாகச் செய்து பார்ப்போம். ஊசலின் நீளம் 1 மீட்டர். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஐந்து முறை அளக்கிறோம்: 40.1, 40.3, 40.0, 40.2, 40.4 வினாடி. சராசரி 40.2. ஒரே ஊசல், ஒரே கடிகாரம், ஒரே கை. இருந்தும் ஐந்து முறையும் ஐந்து எண்! கடிகாரத்தை அழுத்தும் விரல் சில சமயம் முந்துகிறது, சில சமயம் பிந்துகிறது. ஆகவே நேரம் 40.2 என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது. 40.2 ± 0.2 என்று எழுத வேண்டும்.

ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் 2.01 வினாடி. பையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் 9.77 என்று வருகிறது. நேரத்தில் அரை சதவீதம் தடுமாற்றம் இருக்கிறது. நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது ஒரு சதவீதம் ஆகிறது. எனவே விடை: 9.77 ± 0.1 மீட்டர்/வினாடி வர்க்கம். அதாவது உண்மை மதிப்பு ஏறத்தாழ 9.67-க்கும் 9.87-க்கும் இடையில் இருக்கலாம். 9.81 இதற்குள்ளேயே இருக்கிறது! பொய் சொல்ல வேண்டிய தேவையே எனக்கு இருந்திருக்கவில்லை.

இனி 20 அலைவுகளுக்குப் பதில் 100 அலைவுகளை எண்ணுவோம். மொத்த நேரம் 201.0 வினாடி என்று வைத்துக்கொள்வோம். விரலின் தடுமாற்றம் அதே 0.2 வினாடிதான், ஆனால் இப்போது அது 201-இல் 0.2, அதாவது 0.1 சதவீதம். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் வரையே நம்பலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் விடை 9.77 ± 0.03 ஆகிறது. இப்போது எல்லை 9.74 முதல் 9.80 வரை. 9.81 வெளியே போய்விட்டது!

அப்படியானால் பரிசோதனை தவறா? இல்லை. 9.81 என்பது இலண்டன் போன்ற வடக்கு நாட்டு ஊர்களுக்குரிய மதிப்பு. பூமி சுழல்வதாலும், நடுக்கோட்டருகே சற்றுப் பருத்திருப்பதாலும், நடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு முடுக்கம் குறையும். சுமார் 11½ பாகை அட்சரேகையில் உள்ள நெய்வேலியில் அதன் மதிப்பு 9.78. என் ஊசல் உண்மையைச் சொல்லிற்று; நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

இந்தப் பரிசோதனையில் எது எர்ரர், எது அன்சர்ட்டன்ட்டி? கிடைத்த விடைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் எர்ரர். உண்மை மதிப்பு தெரியாதபோது அதைக் கணக்கிட வழியில்லை. 'உண்மை இந்த எல்லைக்குள் இருக்கும் என்று என் சான்றுகளைக் கொண்டு சொல்ல முடியும்' என்று நாம் கூறும் அகலமே அன்சர்ட்டன்ட்டி. அதை அளவு தெரிந்தவர் மட்டுமே சொல்ல முடியும். ஒன்றும் அளக்காதவரால் ± குறிக்குப் பின்னால் எந்த எண்ணை எழுத முடியும்?

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நூறு முறை அளந்தாலும் சில குறைகள் தலைகாட்டுவதில்லை. மீட்டர் அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தவறும். ஐந்து அளவுகளும் அழகாக ஒத்துப்போகும். ஐந்தும் தவறாகவே இருக்கும். இதை வேறொரு கோலுடன் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு.

இந்தச் சொற்களை ஒவ்வொரு நாட்டு விஞ்ஞானியும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்தி வந்ததால் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. கடைசியில் உலகின் அளவியல் நிறுவனங்கள் ஒன்றுகூடி, அளவீட்டில் அன்சர்ட்டன்ட்டியை எப்படிக் கணக்கிட்டுத் தெரிவிப்பது என்பதற்கு 1993-இல் ஒரு பொது வழிகாட்டி நூலை வெளியிட்டன. இன்று மருந்துத் தொழிற்சாலை முதல் விண்வெளி ஆய்வு வரை அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நம் காலுக்கடியில்

ஆய்வுக்கூடத்தை விட்டு நெய்வேலி மண்ணுக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பான பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. ஆனால் ஒரு துளையில் கரி கிடைத்தால் ஒரு துளையில் கரி இருக்கிறது என்று மட்டுமே தெரியும். சுரங்கம் வெட்ட அது போதுமா?

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1943 முதல் 1946 வரை இப்பகுதியில் துளைகள் இட்டுப் பார்த்தது. சுமார் 23 சதுர மைல் பரப்பில் ஏறக்குறைய 50 கோடி டன் இருக்கும் என்று மதிப்பிட்டது. பிறகு எச். கே. கோஷ் என்னும் சுரங்கப் பொறியாளரின் மேற்பார்வையில் மேலும் பல துளைகள் இடப்பட்டன. 1951-இல் மதிப்பீடு சுமார் 100 சதுர மைலில் 200 கோடி டன் என்று உயர்ந்தது.

ஐம்பது இருநூறாகிவிட்டதே, முதலில் சொன்னது பிழையா? கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். முதல் மதிப்பீட்டில் சதுர மைலுக்குச் சுமார் 2 கோடி டன். இரண்டாவதிலும் அதே 2 கோடி டன்! முதல் முறை சலித்த நிலம் அவ்வளவுதான். இரண்டாம் முறை கூடுதல் நிலத்தைச் சலித்தார்கள். பழைய அறிவு பொய்யாகவில்லை. அதன் எல்லை விரிந்தது.

இந்த உறுதியை நம்பித்தான் 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்டது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961-இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் பொறியாளர்கள் வெறும் மண்ணைத்தான் அள்ளிக் கொட்டினார்கள். ஆழத்தில் கரி உண்டு என்பதற்குத் துளைகள் தந்த எண்களே அவர்களுக்குச் சாட்சி.

இன்றும் நிலக்கரி இருப்பை மூன்று வகையாகப் பிரித்தே சொல்கிறார்கள். நெருக்கமாகத் துளையிட்டுப் பார்த்த இடத்தில் இருப்பது 'மெய்ப்பிக்கப்பட்டது'. துளைகள் சற்று விலகியிருந்தால் 'சுட்டப்பட்டது'. இன்னும் விலகியிருந்தால் 'ஊகிக்கப்பட்டது'. 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் மொத்தப் பழுப்பு நிலக்கரி சுமார் 3,600 கோடி டன். அதில் மெய்ப்பிக்கப்பட்டது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். யாராவது மேடையில் '3,600 கோடி டன் இருக்கிறது' என்று முழங்கினால், 'அதில் எந்த வகை எவ்வளவு?' என்று நீங்கள் கேட்க வேண்டும். சல்லடையின் கண் எவ்வளவு நெருக்கம் என்பதே அந்தக் கேள்வி.

கரிப் படுகைக்கு அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது: தண்ணீர். மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் ஊற்றுநீர் அது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அதன் அழுத்தம் இருக்கும். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் 1 கிலோகிராம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால் இது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். மேல்மண்ணை அகற்றும் முன் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தில் புகுந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 6 முதல் 8 வரை என்றால் அது அன்சர்ட்டன்ட்டி அன்று. இடத்துக்கு இடம் அழுத்தம் மாறுகிறது என்பதே அதன் பொருள். ஒரு வகுப்பு மாணவர்களின் உயரம் 140 முதல் 170 சென்டிமீட்டர் வரை என்று சொல்வது போல. ஒரு மாணவனை நிறுத்தி அளந்து '152 ± 1' என்று எழுதுகிறோமே, அந்த 1-தான் அன்சர்ட்டன்ட்டி. முதலாவது இயற்கையில் உள்ள வேறுபாடு. இரண்டாவது நம் அறிவில் உள்ள அகலம்.

இந்த அகலத்துக்கு விலை உண்டு. அழுத்தத்தைக் குறைத்து மதிப்பிட்டால் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து. எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் இறைத்தால் சுற்று வட்டாரத்து நிலத்தடி நீர் வீணே குறையும். வயலுக்கும் வீட்டுக்கும் அந்த நீர்தான் ஆதாரம். ஆகவே கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை இடைவிடாமல் அளந்து, அந்த அகலத்தைக் குறைப்பது இரு தரப்புக்கும் நன்மை.

சலிக்க முடியாத இடம்

அளவை நுட்பமாக்கினால் அன்சர்ட்டன்ட்டி குறையும் என்று கண்டோம். குறைத்துக் குறைத்துச் சுழியாக்கிவிட முடியுமா? முடியாது என்று 1927-இல் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி வெர்னர் ஹைசன்பர்க். ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒரே சமயத்தில் விரும்பிய அளவுக்குத் துல்லியமாக வரையறுக்க இயற்கையே இடம் தருவதில்லை. இரண்டின் அகலங்களையும் பெருக்கினால் வரும் தொகை, பிளாங்க் மாறிலியை நான்கு பையால் வகுத்து வரும் எண்ணுக்குக் குறையாது.

எண்ணில் பார்த்தால் இது விளங்கும். அணுவின் அளவுள்ள இடத்தில், அதாவது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கில், ஓர் எலக்ட்ரானை அடைத்தால் அதன் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர் அன்சர்ட்டன்ட்டி வந்துவிடும். இதற்கு மாறாக, ஒரு மில்லிகிராம் எடையுள்ள கரித்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடத்தை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வரையறுத்தாலும், வேகத்தில் வரும் அன்சர்ட்டன்ட்டி மிக மிக அற்பம். அந்த வேகத்தில் நூறு கோடி ஆண்டுகள் நகர்ந்தாலும் அது மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு தூரம்கூடப் போயிருக்காது. எனவே 'ஹைசன்பர்க்கே சொல்லிவிட்டார்' என்று ஊசல் பரிசோதனையில் சாக்குச் சொல்ல முடியாது!

இங்கே சொல்லின் கதை சுவையாகத் திரும்புகிறது. ஹைசன்பர்க் தம் ஜெர்மன் கட்டுரையில் பெரும்பாலும் பயன்படுத்தியவை 'துல்லியமின்மை' என்றும் 'வரையறுக்கப்படாமை' என்றும் பொருள் தரும் சொற்கள். அவர் 1929-இல் சிகாகோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1930-இல் ஆங்கில நூலாக வந்தபோது 'அன்சர்ட்டன்ட்டி' என்ற சொல் அதில் இடம்பெற்றது. உலகெங்கும் அதுவே நிலைத்துவிட்டது. தமிழிலும் அதைப் பின்பற்றி 'ஐயப்பாடு' என்றும் 'நிச்சயமற்ற தன்மை' என்றும் எழுதுகிறோம். ஐயம் என்பது மனத்தில் எழுவது. எலக்ட்ரானுக்கு மனம் இல்லை. அங்கே ஐயப்படுபவர் எவரும் இல்லை. 'வரையறுக்கப்படாமை' என்று எழுதியிருந்தால் நம் மாணவர்களுக்குப் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கோடும் கூம்பும்

இனி அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். கூம்பு என்ன சொல்கிறது? வானிலைத் துறை முந்தைய புயல்களுக்குச் சொன்ன முன்னறிவிப்புகளையும், அந்தப் புயல்கள் உண்மையில் சென்ற பாதைகளையும் ஒப்பிட்டு, சராசரியாக எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேர முன்னறிவிப்பில் விலகல் குறைவு. இரண்டு நாள் முன்னறிவிப்பில் அதிகம். அதனால்தான் கூம்பு போகப் போக அகலுகிறது. புயலின் மையம் இந்தக் கூம்புக்குள் எங்கும் செல்லலாம் என்பதே அதன் பொருள். கூம்பின் அகலம் புயலின் அகலம் அன்று. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் வீசும்.

நடுக்கோடு என்பது 40.2 என்ற எண்ணைப் போன்றது. கூம்புதான் ± 0.2. ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் செய்தியில் பாதியை விட்டுவிட்டோம் என்று பொருள். அந்த மாணவியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கோட்டைப் பார்க்காதே அம்மா, கூம்பைப் பார். உங்கள் பாட்டியின் ஊர் கூம்புக்குள் இருக்கிறதா?"

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவளுடைய அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு மறுநாள் காலையிலேயே போய்ப் பாட்டியை அழைத்து வந்துவிட்டார்.

டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்தன. எங்கள் நகரியத்திலும் நிழல் தந்த மரங்கள் பல விழுந்தன. பாட்டியின் கூரை வீட்டில் சுவர்கள் மட்டுமே மிஞ்சின.

'பார்த்தீர்களா, முன்னறிவிப்பு பலித்துவிட்டது' என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. புயல் வேறு பக்கம் திரும்பி, அந்த ஊரில் ஓர் ஓலைகூட அசையாமல் போயிருந்தாலும், பாட்டியை அழைத்து வந்தது சரியான முடிவுதான். கூம்புக்குள் இருந்த ஊர் அது. அழைத்து வர ஆன செலவு ஒரு பஸ் டிக்கெட். அழைத்து வராவிட்டால் போகக்கூடியது ஓர் உயிர். அன்று கையில் இருந்த அறிவுக்கு அதுவே பொருத்தமான செயல்.

'அவர்களே சந்தேகப்படுவதை நாம் ஏன் நம்ப வேண்டும்?' என்ற கேள்விக்கு விடையும் இதுதான். அது சந்தேகம் அன்று. 'இதுவரை சலித்துவிட்டேன், இவ்வளவு இன்னும் சலிக்கப்படவில்லை' என்று எல்லை காட்டிச் சொல்லும் கணக்கு. எல்லை காட்டாமல் 'இங்கேதான் வரும், நிச்சயம்' என்று சொல்கிறவரைப் பார்த்தால்தான் நீங்கள் சற்று யோசிக்க வேண்டும்.

இன்று மாலையே ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளை ஐந்து முறை அளந்து பாருங்கள். ஐந்து எண்களையும் வந்தபடியே எழுதுங்கள். விடை 9.6 என்று வந்தாலும் சரி, 9.9 என்று வந்தாலும் சரி. அதன் பக்கத்தில் ± போட்டு, உங்களால் நேர்மையாகச் சொல்ல முடிந்த எண்ணை எழுதுங்கள். நான் பள்ளியில் எழுதாமல் விட்டது அந்த எண்ணைத்தான்.